மீட்டும் கையும் அழுத்தும் கையும்: நரம்புக் கருவி வாசிப்புமுறைக் கலைச்சொற்கள் – ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

'வயலின் மீட்டினார்' என்னும் தொடர் தமிழ் இதழ்களில் இயல்பாக வழங்கி வருகிறது. படிப்போர் அதில் குறை காண்பதில்லை. ஆயின் வயலின் வில்லால் உராய்ந்து ஒலிக்கச் செய்யப்படும் கருவி. மீட்டுதல் என்பதோ விரலோ நகமோ நரம்பைத் தெறித்துவிட்டு நீங்கும் செயல். இரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு நுண்மை நாடுவோருக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கிவிடவும் இயலாது. மேலைச் செவ்விசையில் வில்லை விடுத்து விரலால் நரம்பைத் தெறிக்குமாறு வயலின் கலைஞருக்குக் குறிப்புத் தருவது உண்டு. பிட்சிகாட்டோ என்பது அதன் பெயர். இதனைத் தமிழில் பெயர்ப்பவருக்கு 'மீட்டு' என்னும் சொல் கட்டாயம் தேவைப்படும். வில் வாசிப்புக்கே அச்சொல்லைச் செலவிட்டுவிட்டால், வில்லற்ற வாசிப்பைக் குறிக்க அவரிடம் சொல் எஞ்சாது.

நரம்புக் கருவிகளின் வாசிப்புமுறைகளைக் குறிக்கத் தமிழில் கையாளப்படும் சொற்களை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். கலைச்சொல் அமைப்போர் இத்துறையில் பொதுவாக மூன்று வழிகளை மேற்கொள்கின்றனர். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் அமைப்பது முதல் வழி. பழந்தமிழ் யாழ் மரபின் சொற்களை மீட்டெடுப்பது இரண்டாம் வழி. வடமொழிக் கமகப் பெயர்களை அவ்வாறே கொள்வது மூன்றாம் வழி. இம்மூன்றும் சொல்லைத் தனித்து நோக்குகின்றன. சொற்கள் ஒன்றோடொன்று கொள்ளும் எதிர்நிலையை நோக்குவதில்லை. வாசிப்புமுறைச் சொல்லின் தகுதியை, அது எந்த அயற்சொல்லுக்கு நிகர் என்பதைக் கொண்டு அளத்தல் போதாது. தன் தொகுதியிலுள்ள பிற சொற்களிலிருந்து அது எவ்வாறு விலகி நிற்கிறது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

2. வாசித்தலும் மீட்டுதலும்

கருவிகளை ஒலிக்கச் செய்வதைக் குறிக்கத் தமிழில் செயலின் தன்மைக்கேற்ற வினைகள் உள்ளன. குழலை ஊதுகிறோம், முழவைக் கொட்டுகிறோம் அல்லது முழக்குகிறோம், வீணையை மீட்டுகிறோம். இவை யாவற்றையும் தன்னுள் அடக்கும் பொதுவினையாக 'வாசி' நிற்கிறது. வீணை வாசித்தார், மிருதங்கம் வாசித்தார், வயலின் வாசித்தார் என எதனோடும் அது பொருந்தும். எனவே 'வாசி' உள்ளடக்கு சொல். 'மீட்டு' உள்ளடங்கு சொல். 'வயலின் மீட்டினார்' என்பது உள்ளடங்கு சொல்லை உரிய எல்லைக்கு அப்பால் ஏற்றியதன் விளைவு. நரம்புக் கருவி என்னும் வகுப்பே அவ்வினையை ஈர்க்கிறது. நரம்பை ஒலிக்கச் செய்யும் முறை கருதப்படுவதில்லை.

'மீட்டு' தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் இனச்சொல்லான 'மீடு' இதே பொருளில் வழங்குகிறது. அது பெயராகவும் வரும். 'ஒரே மீட்டில் மூன்று சுரம்' என்று வீணை ஆசிரியர் சொல்லும்போது, அது வலக்கையின் ஒரு செயலை எண்ணும் அலகாகிறது. ஒரு மீட்டுக்கு ஒரு சுரம் என்பது கட்டாயமன்று. மீட்டிய பின் ஒலி தேயும் வரை இடக்கை அதனைப் பல சுரங்களுக்கு இட்டுச் செல்லலாம். வாய்ப்பாட்டின் தொடர்ச்சியைக் கருவியில் கொண்டுவர முயலும் மரபுக்கு இதுவே அடிப்படை. ஆகவே வலக்கைச் செயலையும் இடக்கைச் செயலையும் பிரித்துக் காட்டாத கலைச்சொல் தொகுதி இம்மரபை விளக்க உதவாது.

இத்தொகுதியின் சொற்களை நான்கு பொருட்கூறுகளால் வரையறுக்கலாம். எந்தக் கை செயற்படுகிறது என்பது ஒன்று. விரல் நரம்பை எவ்வாறு தொடுகிறது அல்லது நீங்குகிறது என்பது இரண்டு. எந்தத் திசையில் இயங்குகிறது என்பது மூன்று. ஒலியில் நேரும் விளைவு யாது என்பது நான்கு.

3. வீணையில் இடக்கை

தஞ்சாவூர் வீணையில் மெழுகுச் சட்டத்தின் மேல் 24 மெட்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. வாசிப்புக்குரிய தந்திகள் 4. பக்கத்தில் தாளத்துக்கும் சுருதிக்கும் உரியவை 3. வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் வாசிப்புத் தந்திகளை மீட்டும். சிறுவிரல் பக்கத் தந்திகளை மீட்டும். இடக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் தந்தியை மெட்டின் மேல் அழுத்தும்.

அழுத்திய விரல் இருவகையாக நகரலாம். தந்தியின் நீளவாட்டில் ஒரு மெட்டிலிருந்து மற்றொரு மெட்டுக்கு வழுக்கிச் செல்வது ஒன்று. அதே மெட்டில் நின்றவாறு தந்தியைக் குறுக்குவாட்டில் விலக்குவது மற்றொன்று. முன்னது ஜாரு, பின்னது இழுப்பு. இழுக்கும்போது தந்தியின் இறுக்கம் கூடுவதால் சுரம் உயரும். ஒரே மெட்டில் மூன்று, நான்கு சுரங்களை இவ்வாறு எட்டலாம். இழுப்பினால் சுரத்தை உயர்த்த முடியுமே தவிர, அழுத்திய மெட்டின் சுரத்துக்குக் கீழே இறக்க முடியாது. இறங்கும் அசைவு வேண்டுமாயின் முதலில் ஒலியின்றி இழுத்து வைத்துக்கொண்டு, பிறகு மீட்டி, அதன்பின் தளர்த்த வேண்டும். ஏற்றத்தில் மீட்டு முந்தியது. இறக்கத்தில் இழுப்பு முந்தியது. கேட்பவருக்கு இவை ஒரே அசைவின் இரு திசைகள். வாசிப்பவருக்கோ செயல்களின் வரிசையே மாறிவிடுகிறது. விளைவை மட்டும் பெயராகக் கொண்டால் இவ்வரிசை மறைந்துபோகும்.

வடஇந்தியச் சிதாரிலும் இவ்விழுப்பு உண்டு. இந்தியில் அதற்குப் பெயர் 'மீண்ட்'. இங்கு மொழிபெயர்ப்பாளர் கருத்தூன்ற வேண்டிய இடர் ஒன்றுள்ளது. தமிழ் ஒலியமைப்புக்கேற்ப இச்சொல் குற்றியலுகரம் பெற்று 'மீண்டு' என்றாகுமாயின், தமிழ்ப் படிப்பாளர் அதனை 'மீள்' என்னும் வினையின் எச்சமாகவே கொள்வார். 'மீட்டு' என்பதும் அவ்வினையின் பிறவினை எச்சத்தோடு வடிவொத்தது. ஆகவே 'மீட்டு – மீண்டு' என்பவை ஒரே வேரின் பிறவினை, தன்வினை இணைபோலத் தோன்றும். உண்மையில் ஒன்று வலக்கைச் செயல்; மற்றொன்று இடக்கைச் செயல். ஒலி ஒப்புமையால் நேரும் இம்மயக்கத்தைத் தவிர்க்கச் சிதார் பற்றிய நூலைத் தமிழாக்குவோர் 'இழுப்பு' என்றே எழுதலாம். மூலச்சொல் தேவைப்படும் இடத்தில் மட்டும் 'மீண்ட்' என்று மெய்யீறாகத் தரலாம்.

4. நேர்ச்சொல் அமைக்கும் வழி

கிட்டார் பயிற்றும் ஆங்கில நூல்களில் இடக்கைக்குரிய அடிப்படைச் செயல்கள் நான்கு: ஹேமர் ஆன், புல் ஆஃப், பெண்ட், ஸ்லைடு. முதலாவதில், ஒலித்துக்கொண்டிருக்கும் நரம்பின் மேல் இடக்கை விரல் விசையுடன் விழுந்து மேற்சுரத்தை எழுப்புகிறது. வலக்கை மீண்டும் மீட்டுவதில்லை. இரண்டாவதில், மேல்மெட்டில் உள்ள விரல் நீங்கும்போதே நரம்பைச் சற்றுத் தெறித்து, கீழ்மெட்டில் உள்ள சுரத்தை எழுப்புகிறது. மூன்றாவது குறுக்குவாட்டில் விலக்குவது. நான்காவது நீளவாட்டில் வழுக்குவது.

இவற்றுக்கு அகராதி வழியே சொல் காண்போர் ஹேமர் என்பதற்குச் 'சுத்தியலடி' என்றும், புல் ஆஃப் என்பதற்கு 'இழுத்து விடல்' என்றும், பெண்ட் என்பதற்கு 'வளைத்தல்' என்றும் எழுத முற்படுவர். முதற்சொல் உருவகத்தைப் பெயர்க்கிறது, செயலைப் பெயர்க்கவில்லை. மூன்றாவது சொல்லால் பெருந்தீங்கில்லை. இரண்டாவது சொல்தான் உண்மையில் இடர் தருவது. வீணை மரபை அறிந்த தமிழருக்கு 'இழுத்தல்' என்பது குறுக்குவாட்டில் விலக்குவது. அதாவது ஆங்கிலப் பெண்ட். எனவே 'இழுத்து விடுக' என்று படிக்கும் மாணவர் நரம்பை விலக்கிச் சுரத்தை உயர்த்தி, பின் தளர்த்துவார். நூல் வேண்டியதோ விரலை எடுத்துக் கீழ்ச்சுரத்தை ஒலிக்கச் செய்வது. ஒவ்வொரு சொல்லும் அகராதிப்படி சரியாக இருந்தும் கை பிழையாக இயங்குகிறது.

'இழுத்தல்' என்னும் கருத்து மூன்றாவதாகவும் ஓரிடத்தில் வருகிறது. செவ்வியல் கிட்டார் மரபில் வலக்கை மீட்டு இருவகை. மீட்டிய விரல் அடுத்த நரம்பின் மேல் சாய்ந்து நிற்பது அபோயாந்தோ. சாயாமல் நீங்குவது திராந்தோ. ஸ்பானிய மொழியில் திராந்தோ என்பதன் சொற்பொருள் 'இழுத்து' என்பதே. ஆக, ஸ்பானியர் இழுப்பது வலக்கையால். ஆங்கிலேயர் இழுப்பது இடக்கையை எடுக்கும்போது. வீணை வாசிப்பவர் இழுப்பது இடக்கையை எடுக்காமலே. மூன்று மரபுகளும் ஒரே வினையை மூன்று வெவ்வேறு எதிர்நிலைகளில் வைத்துள்ளன. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் மூன்றும் ஒன்றாகிவிடும்.

5. திசைச் சொற்கள்

கருவியை ஏந்தும் நிலை மாறும்போது மேல், கீழ் என்னும் சொற்களின் பொருளும் மாறுகிறது. கிட்டாரை மடியில் ஏந்தும்போது மேலே இருப்பது தடித்த நரம்பு. அதன் சுரமோ யாவற்றினும் தாழ்ந்தது. 'மேல் நரம்பு' என்று எழுதினால் இடத்தால் மேலா, சுரத்தால் மேலா என்ற ஐயம் எழும். கிட்டார் நூல்கள் மெல்லிய நரம்பை 1 என்றும் தடித்ததை 6 என்றும் எண்ணிடுவது இவ்வையத்தைத் தவிர்க்கும். தமிழிலும் எண்களே ஏற்றவை.

கீழ்வீச்சையும் மேல்வீச்சையும் குறிக்க வயலினுக்கும் கிட்டாருக்கும் அச்சில் ஒரே குறியீடுகள் பயன்படுகின்றன. ஆனால் வயலினில் கீழ்வீச்சு என்பது வில்லை அதன் கைப்பிடியிலிருந்து நுனி நோக்கி இயக்குவது. கிட்டாரில் அது தடித்த நரம்பிலிருந்து மெல்லிய நரம்பு நோக்கிக் கையை இயக்குவது. கருநாடக இசையில் வயலின் கலைஞர் தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் காலில் சாய்த்து வாசிப்பதால், கருவி சாயும் கோணமே வேறாகிறது. வில்லின் அடி, நுனி என்று கூறினால் எந்நிலையிலும் பொருள் மாறாது.

சிதாரின் தா, ரா என்னும் சொற்கட்டுகள் இதற்குச் சிறந்த சான்று. சிதாரில் 'தா' என்பது மிஸ்ராப் அணிந்த சுட்டுவிரல் உள்நோக்கி வருவது. 'ரா' வெளிநோக்கிச் செல்வது. சரோதிலோ 'தா' என்பது கையிலுள்ள ஜவா கீழ்நோக்கிச் செல்லும் வீச்சு. திசை எதிரானது, பெயர் ஒன்று. இரு கருவிகளிலும் 'தா' வன்மையான வீச்சாக இருப்பதே இதற்குக் காரணம். அம்மரபு திசையை விட்டு வன்மையைப் பெயரிட்டுள்ளது. 'தா' என்பதை 'மேல்மீட்டு' என்று பெயர்ப்பவர் சிதாருக்குச் சரியாகவும் சரோதுக்குத் தவறாகவும் எழுதியவராவார். அதனை அப்படியே வைத்து, ஒவ்வொரு கருவிக்கும் திசையைத் தனியே விளக்குவதே முறை.

6. பழஞ்சொல் மீட்பு

சிலப்பதிகாரக் கானல்வரியில் மாதவி யாழை ஏந்தி ஆராயும் இடத்தில் வாசிப்புக்குரிய கரணப் பெயர்கள் காணப்படுகின்றன. வார்தல், வடித்தல், உருட்டல் முதலியன அவற்றுள் சில. 1892ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட சிலப்பதிகாரத்தால் இப்பகுதியும் அதன் பழைய உரைக்குறிப்பும் பரவலாக அறியப்பட்டன. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியான யாழ் நூலில் பழந்தமிழ் யாழின் அமைப்பை விரிவாக ஆராய்ந்தார். இச்சொற்களை இன்றைய கருவிகளுக்குப் பயன்படுத்த வேண்டும் என்னும் ஆர்வம் மதிக்கத்தக்கது. அவை தமிழ்ச் சொற்கள்; வினையடியாகப் பிறந்தவை; செயலைச் சுட்டுபவை.

ஆயினும் ஒரு தடை உண்டு. பழைய யாழ் வில்வடிவில் அமைந்த, ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்னும் முறையிலான கருவி. அதில் மெட்டு இல்லை. நரம்பை அழுத்திச் சுரம் மாற்றும் தேவையும் இல்லை. சுட்டுவிரலின் செயலாக வார்தலையும், சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிய செயலாக வடித்தலையும் பழைய உரை விளக்குகிறது. உருட்டலை விளக்குமிடத்து இடக்கைச் சுட்டுவிரல், வலக்கைச் சுட்டுவிரல் இரண்டையும் அது குறிப்பிடுகிறது. இரு கைகளும் ஒரே வகைச் செயலில் ஈடுபட்டன என்பது இதனால் பெறப்படும். வீணையிலும் கிட்டாரிலும் ஒரு கை மீட்ட, மறு கை அழுத்துகிறது. இரு கைகளும் மீட்டிய தொகுதியிலிருந்து ஒரு சொல்லைப் பெயர்த்து, கைகள் பிரிந்து செயற்படும் தொகுதியில் வைத்தால் அதன் எதிர்நிலைகள் உடன் வருவதில்லை. உருட்டலைக் கிட்டாரின் விரைவு மீட்டுக்கோ சிதாரின் இடக்கை அசைவுக்கோ ஒருவர் வழங்கலாம். இரண்டையும் தடுக்கவோ தெரிவு செய்யவோ பழஞ்சொல்லில் எதுவுமில்லை.

இதன் மறுதலையாகிய பிழையும் நிகழ்கிறது. யாழ் என்பதை ஆங்கிலத்தில் 'லூட்' என்று பெயர்த்தால், கழுத்தில் நரம்பை அழுத்தி வாசிக்கும் கருவி படிப்பவர் மனத்தில் தோன்றும். மாதவியின் இடக்கைக்கு இல்லாத வேலையை அம்மொழிபெயர்ப்பு கொடுத்துவிடுகிறது. 'ஹார்ப்' என்பதே உண்மைக்கு அணித்தானது.

7. கமகப் பெயர்கள்

1904இல் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி, கமகங்களுக்குக் குறியீடுகளும் விளக்கங்களும் தருகிறது. கம்பிதம், ஸ்புரிதம், பிரத்யாகதம், நொக்கு, ஜாரு, ஒதுக்கல் முதலியன அதிலுள்ள பெயர்கள். இப்பட்டியலை வடமொழிப் பட்டியல் என்று பொதுவாகக் கருதுவோர் அதனை மீண்டும் பார்க்க வேண்டும். கம்பிதமும் ஸ்புரிதமும் வடசொற்கள். நொக்கு என்பது தெலுங்கில் அழுத்துதல். ஜாரு என்பது அம்மொழியில் வழுக்குதல். ஒதுக்கலின் பொருள் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. பல மொழிகள் பேசிய கலைஞர்களின் கைவழக்கே இப்பட்டியலில் பதிவாகியுள்ளது.

அந்நூலின் சிறப்பு பெயர்களில் மட்டும் இல்லை. வீணையில் விரல் எவ்வாறு இயங்க வேண்டும் என்று கூறும் விளக்கங்களில் உள்ளது. பின்வந்த பாடநூல்கள் பெயர்களை நிரல்படுத்தி, விளக்கத்தை 'அசைத்தல்', 'அழுத்திப் பிடித்தல்' என்று சுருக்கியபோது பெயர் கையிலிருந்து பிரிந்தது. மாணவர் தேர்வுக்குக் கமகங்களை வரிசையாக ஒப்பிப்பார். எது எந்த விரலின் செயல் என்று கேட்டால் தயங்குவார். இது வடசொல்லின் குறையன்று. விளக்கத்தைத் துறந்த தொகுப்பின் குறை.

ஹேமர் ஆன் என்பதற்கு மிக அணித்தாய் வருவது ஏறுநிரல் இரட்டைச் சுரங்களுக்குரிய ஸ்புரிதம். புல் ஆஃப் என்பதற்கு அணித்தாய் வருவது இறங்குநிரலுக்குரிய பிரத்யாகதம். எனினும் இவற்றை நிகர்ச்சொற்களாகக் கொள்ளலாகாது. கமகப் பெயர் சுரத்தின் வடிவையும் அழுத்தத்தையும் உட்கொண்டது. கிட்டார்ச் சொல் விரலின் செயலை மட்டும் குறிப்பது. ஒரே விரற்செயல் பல கமகங்களில் வரலாம்.

8. பரிந்துரை

ஆசிரியர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் எளிய வினைகளிலிருந்தே ஒரு தொகுதியை அமைக்க இயலும். வலக்கைக்கு 'மீட்டு'. வில்லுக்கு 'வாசி', தேவையான இடத்தில் 'வில்லால் வாசி'. குறுக்குவாட்டு விலக்கலுக்கு 'இழுப்பு'. நீளவாட்டு நகர்வுக்கு, ஏற்கெனவே நிலைபெற்ற 'ஜாரு'. இடக்கை விரல் மெட்டின் மேல் விழுந்து ஒலி எழுப்புவதற்குத் 'தட்டு'. அவ்விரல் நீங்கும்போது தெறிப்பதற்குச் 'சுண்டு'. நாணயத்தைச் சுண்டும் விரலின் செயலைத் தமிழர் எவரும் அறிவர். விரல் மடிந்து விசையுடன் விடுபடுவதை அச்சொல் துல்லியமாகக் காட்டுகிறது.

இத்தொகுதியின் பயனை ஒரு தொடரால் சோதிக்கலாம். 'மூன்றாம் மெட்டில் மீட்டி, ஐந்தாம் மெட்டில் தட்டி, மூன்றாம் மெட்டுக்குச் சுண்டுக' என்னும் தொடரில் எந்தக் கை என்று தனியே கூற வேண்டியதில்லை. வினையே அதனைக் கூறிவிடுகிறது. சொற்கள் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று புகவில்லை.

இதற்கு மறுப்புகள் எழலாம். இழுப்பு என்பது நோயின் பெயருமாகும் என்பர். மெட்டு என்பது பாடலின் மெட்டையும் குறிக்கும். தந்தி என்பது 2013இல் நிறுத்தப்பட்ட செய்திச் சேவையின் பெயராகவும் இருந்தது. ஆயினும் மெட்டு, தந்தி என்பவற்றால் வீணை வகுப்பில் எவரும் மயங்கியதில்லை. துறைச் சூழல் பலபொருளை ஒருபொருளாக்கும். துறைக்குள்ளேயே இரு செயல்களை ஒரு சொல் குறிப்பதுதான் தவிர்க்க வேண்டியது.

இசை குருமுகமாகக் கற்கப்படுவது. நூலில் எச்சொல் இருந்தால் என்ன என்பதும் ஒரு மறுப்பு. குரு கையால் காட்டிவிடுவதால் அவருக்குச் சொல் துணையே தவிர முதலன்று. நூலுக்கோ சொல்லன்றி வேறு கை இல்லை. ஆசிரியர் அருகில்லாத ஊரில் ஒரு மாணவர் தமிழ் நூலை மட்டும் கொண்டு விரலை வைக்கும்போது, தவறான சொல்லைத் திருத்த அங்கு எவருமில்லை.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, வாசிப்புமுறைச் சொற்களைத் தனித்தனியே மொழிபெயர்த்தலாகாது. ஒரு கருவிக்குரிய தொகுதி முழுவதையும் முன்வைத்தே பெயர்க்க வேண்டும். இரண்டாவது, பழஞ்சொல்லை மீட்டெடுக்குமுன் அது பிறந்த கருவியின் அமைப்பை ஒப்பிட வேண்டும். மூன்றாவது, கலைச்சொல் தொகுப்போர் அகராதியைத் திறக்குமுன் ஒரு வீணை வகுப்பில் சிலநாள் அமர்ந்து, ஆசிரியர் மாணவரைத் திருத்தும்போது வழங்கும் வினைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'இழு', 'விடு', 'அழுத்திப் பிடி', 'ஒரே மீட்டில் வாசி' என்பன கலைச்சொற்களாகப் பட்டியலில் ஏறாத காரணத்தால் கலைச்சொற்கள் அல்ல என்று ஆகிவிடா. துறையின் கையறிவு அவற்றில்தான் தங்கியுள்ளது. அவற்றைப் பதிவு செய்யாமல் புதியன புனைந்துகொண்டிருப்பின், பட்டியல் வளரும். வாசிப்பவர் கைக்கு அதனால் பயனிராது.